மலைவீட்டு நீச்சல்குளம்: வாங்கும்முன் வாசகர் கேட்டவை

மலைக் குடியிருப்புகளில் நீச்சல்குளத்தோடு வீடு வாங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். கணக்குகளுக்கெல்லாம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் உள்ள குளத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதில் ஏறக்குறைய 45,000 லிட்டர் பிடிக்கும். உங்கள் குளத்தின் மூன்று அளவுகளையும் பெருக்கி, ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு வந்துவிடும்.

கேள்வி: பார்த்துவைத்திருக்கும் வீட்டில் குளம் பள்ளத்தாக்கு ஓரமாக இருக்கிறது. குளத்தின் விளிம்புக் கல்லுக்கும் நடைதளத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. எல்லாக் குளத்திலும் அப்படித்தான் இருக்கும் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: பாதி உண்மை. விளிம்புக் கல்லுக்கும் தளத்துக்கும் நடுவே 10, 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ரப்பர்போல் இழுபடும் சீலன்ட் வைத்து அடைப்பது சரியான கட்டுமான முறைதான். வெயிலில் தளம் விரிந்தால் அது குளத்தின் சுவரைத் தள்ளாமல் இருக்கவே அந்த இடைவெளி. குளத்தைச் சுற்றி அது ஒரே அளவாக இருந்தால் கவலை வேண்டாம். மலைப்பக்கம் 10 மில்லிமீட்டர், பள்ளத்தாக்குப் பக்கம் 30 என்று இருந்தாலோ, ஒரு பக்கத் தளம் கல்லைவிடக் கீழே இறங்கியிருந்தாலோ, மண் நகர்கிறது என்று பொருள்.

சரிவில் சமதளம் வேண்டுமென்றால் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்புவார்கள். குளத்தின் ஒரு பாதி வெட்டிய கெட்டி மண்ணிலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் உட்கார்ந்துவிடுகிறது. கொட்டிய மண்ணை ஒரு சாண் கனத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து இறுக்கியிருந்தால் பிழைக்கும். லாரி லாரியாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டியிருந்தால் பல வருடங்களுக்கு அது அமுங்கிக்கொண்டே இருக்கும். விரிசலும் பெரும்பாலும் இரண்டு மண்ணும் சேரும் கோட்டில்தான் விழும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தண்ணீரைவிடத் துல்லியமான மட்டம் கிடையாது. காற்று இல்லாத நேரம் பார்த்து பம்பை நிறுத்தச் சொல்லுங்கள். விளிம்புக் கல்லின் மேற்பரப்பிலிருந்து தண்ணீர்வரை எவ்வளவு என்று நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் கொத்தனார் கைவாகு. பள்ளத்தாக்குப் பக்கக் கல் 25 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தால், அதாவது அங்கே அளவு அவ்வளவு குறைந்து வந்தால், மண்ணியல் படித்த இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

விரிசல்களில் இரண்டு வகை உண்டு. சிலந்தி வலைபோல நுண்ணியதாகப் பரவி, பூச்சோடு நின்றுவிடுவது ஒன்று. அது பார்வைக்குத்தான் குறை. சுவரில் தொடங்கி டைல் வரிசையைக் கடந்து, விளிம்புக் கல்லையும் பிளந்து, தளத்திலும் தொடர்வது மற்றொன்று. அது குளத்தின் உடலே பிளந்த விரிசல். அதைப் பூசி மறைத்து விற்பதும் நடக்கும். குளத்துக்குள் மட்டும் புதுப் பூச்சு, தளத்தில் பழைய விரிசல் அதே கோட்டில் இருக்கிறது என்றால் பூச்சுக்கு அடியிலும் அது இருக்கிறது.

அப்புறம் கீழே இறங்கிப் போங்கள். குளத்தைத் தாங்கும் தடுப்புச்சுவரின் அடிப்புறத்தைப் பார்க்காமல் யாரும் மலைவீடு வாங்கக்கூடாது. சுவரில் நீர் வடியும் துளைகள் இருக்க வேண்டும், அவை மண்ணோ வேரோ அடைக்காமல் திறந்திருக்க வேண்டும். சுவர் வெளிப்பக்கம் தொப்பை தள்ளியிருந்தால் அதன் பின்னால் நீர் தேங்கி அழுத்துகிறது. மழை விட்டு வெகுநாள் ஆன பிறகும் ஒரே ஒரு துளையில் மட்டும் சொட்டுகிறது, அடியில் பாசி படிந்திருக்கிறது என்றால் அந்தத் தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பது வீண், மண்ணில் ஊறி வரும்போதே அது தீர்ந்துவிடும். சயனூரிக் அமிலம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். வெயிலில் குளோரின் வீணாகாமல் இருக்கக் குளத்தில் சேர்க்கும் பொருள் அது. ஊற்று நீரில் இயற்கையாக இருக்காது. இருந்தால் சொட்டுவது குளத்துத் தண்ணீர்தான்.

கேள்வி: குளம் கசிகிறதா என்பதை ஒரே நாளில் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: 24 மணி நேரம் வேண்டும். முதல் வேலை, தானாக நீர் நிரப்பும் மிதவை வால்வை மூடுவது. அது திறந்திருந்தால் எவ்வளவு கசிந்தாலும் மட்டம் இறங்காது. கசிவை மறைப்பதில் அதற்கு நிகரில்லை. பிறகு ஒரு வாளியில் குளத்து நீரை ஊற்றி, உள்ளே கல் வைத்து, குளத்தின் படியில் வையுங்கள். வாளிக்குள் நீர் மட்டமும் வெளியே குளத்தின் மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டையும் வாளியின் உள்ளும் புறமும் பென்சிலால் குறித்துவிடுங்கள். மறுநாள் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவியானது, அவ்வளவே. குளம் கூடுதலாக இறங்கியிருந்தால் அந்த வித்தியாசம் கசிவு. 6 மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது நம் கணக்குக் குளத்தில் நாளொன்றுக்கு 190 லிட்டர். மழை பெய்தாலோ யாராவது குளித்தாலோ சோதனை செல்லாது.

பம்பை ஓடவிட்டு ஒருநாள், நிறுத்திவைத்து ஒருநாள் என இரண்டு முறை செய்வது நல்லது. ஓடும்போது மட்டும் அதிகம் இறங்கினால், தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாயில் அழுத்தத்தோடு வெளியேறுகிறது. இரண்டு நாளும் ஒரே மாதிரி இறங்கினால் குளத்தின் உடல், விளக்குப் பொருத்திய துளை, மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மர் சுவரோடு சேரும் இடம் ஆகியவற்றைச் சந்தேகப்படலாம். சந்தேகமான இடத்தருகே சோதனைச் சாயத்தை ஒரு சொட்டு விட்டால், அது விரிசலுக்குள் இழுபடுவது கண்ணுக்குத் தெரியும்.

சமவெளியில் 190 லிட்டர் கசிவு தண்ணீர் வீணாகும் பிரச்சினை மட்டும்தான். சரிவில் அதே அளவு, தினமும், ஒரே இடத்தில், கொட்டிய மண்ணுக்குள் போகிறது. ஊறிய மண்ணுக்குப் பிடிமானம் குறையும், எடை கூடும். அதனால்தான் மலையில் சின்னக் கசிவையும் பேரம் பேசும் காரணமாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல், பழுது பார்த்து முடித்த பிறகே கிரயம் என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறோம்.

கேள்வி: சுத்தமாகக் கழுவிக் காலியாக வைத்திருக்கிறார்கள். உள்ளே இறங்கி எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது. இது நல்லதுதானே?

பதில்: பார்க்க வசதி, ஆனால் நல்லதல்ல. காலிக் குளம் ஒரு படகு. சுற்றியுள்ள மண்ணில் நீர்மட்டம் குளத்தின் தரையைவிட 1 மீட்டர் உயர்ந்தால், 32 சதுர மீட்டர் தரையைக் கீழிருந்து 32 டன் விசை மேலே தள்ளும். 20 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் குளத்தின் எடையே கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். ஃபைபர் குளமென்றால் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. மழைக்காலத்தில் காலியாகக் கிடந்த குளம் ஒரு பக்கம் தூக்கிக்கொள்வதும், குழாய்கள் எல்லாம் முறிவதும் இப்படித்தான்.

குளத்தின் ஆழமான இடத்தில், அடி வடிகாலுக்குள் ஒரு சிறு வால்வு இருக்க வேண்டும். வெளிநீரின் அழுத்தம் மிஞ்சினால் அது திறந்து நீரை உள்ளே விட்டு அழுத்தத்தைச் சமன் செய்யும். சுண்ணாம்புப் படிவாலும் மணலாலும் அது இறுகிப்போயிருப்பது வழக்கம். இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கேளுங்கள். குளத்தை நிரப்பி, மேலே சொன்ன வாளிச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு என்று காரணம் சொன்னால் அதுவே ஒரு பதில். நாளைக்கு உங்களுக்கும் அதே தட்டுப்பாடுதானே?

கேள்வி: உறைபனி விழும் உயரத்தில் வீடு. குளிர்காலத்தில் குளம் என்ன ஆகும்? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கிறது. குளத்தின் நடுவில் மேலாக உறைவதால் பெரிய சேதம் வராது. குழாய், பம்பின் உடல், ஃபில்டரின் பலவழி வால்வு, ஹீட்டருக்குள் இருக்கும் செம்புச் சுருள் என நீர் அடைபட்டுக் கிடக்கும் இடங்கள்தான் வெடிக்கும். பழைய சேதத்தின் தடயத்தை அங்கேயே தேடுங்கள்: பம்பின் அடியில் எம்-சீல் போன்ற ஒட்டுப் பூச்சு, வால்வின் மூடியில் மட்டும் புது நிறம், ஒட்டுப்போட்ட குழாய். நீர்மட்டத்தை ஒட்டிய டைல்களை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். பின்னால் நீர் புகுந்து உறைந்து தளர்ந்த டைல் டொக்கென்று வெற்றோசை தரும்.

வெப்பநிலை 4 டிகிரியை நெருங்கியதும் பம்பைத் தானே ஓட்டும் உறைபனிக் காப்புச் சாதனத்தைச் சிலர் பெருமையாகக் காட்டுவார்கள். ஓடும் நீர் எளிதில் உறையாது, சரி. ஆனால் மலையில் கடுங்குளிரும் மின்வெட்டும் ஒரே இரவில்தான் வரும். அதை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். பருவம் முடிந்ததும் முறையாக மூடிவைப்பதே பாதுகாப்பு. முதலில் நீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவையும், அந்த அளவு சட்டென மாறாமல் தாங்கும் காரத்தன்மையையும் சரிசெய்ய வேண்டும். நீர்மட்டத்தை ஸ்கிம்மர் வாய்க்கு ஒரு சாண் கீழே இறக்க வேண்டும், முழுக்கக் காலி செய்யக்கூடாது. பம்ப், ஃபில்டர், ஹீட்டர் மூன்றின் வடிகால் திருகுகளையும் கழற்றி, அவை தொலையாமல் பம்பின் கூடைக்குள்ளேயே போட்டுவைக்கலாம். குழாய் ஒவ்வொன்றையும் காற்று ஊதிக் காலி செய்து ரப்பர் அடைப்பான் போட வேண்டும். ஊத முடியாத குழாயில் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த உறைதடுப்புத் திரவம் ஊற்றலாம். காருக்கு ஊற்றுவது எத்திலீன் கிளைக்கால் வகை. அது நஞ்சு, குளத்தின் பக்கமே வரக்கூடாது.

குளிர்காலத்தில் மூடி போட்ட குளத்தை வாங்குகிறீர்கள் என்றால், எதையும் ஓட்டிப் பார்க்க முடியாது. வசந்தத்தில் திறந்து எல்லாம் ஓடிய பிறகே கொடுப்பதாக, தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் விதியை ஒப்பந்தத்தில் சேருங்கள்.

கேள்வி: ஹீட்டர் இருக்கிறது, வருடம் முழுக்க நீந்தலாம் என்கிறது விளம்பரம்.

பதில்: ஒரு கன மீட்டர் நீரை 1 டிகிரி சூடாக்க 1.16 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. 16 டிகிரி நீரை 28க்குக் கொண்டுவர நம் குளத்துக்குச் சுமார் 630 யூனிட். வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து நீருக்குக் கொடுப்பது ஹீட் பம்ப். 15 கிலோவாட் வெப்பம் தருவது ஒரு துளியும் இழப்பில்லாமல் ஓடினாலே 42 மணி நேரம். இழப்பு இல்லாமல் எங்கே?

ஹீட் பம்பின் மேல் எழுதியிருக்கும் திறன் பெரும்பாலும் 26, 27 டிகிரி காற்றில் அளந்தது. காற்றின் வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்கினால் அதே இயந்திரத்தின் திறன் பாதியை ஒட்டிக்கூட இறங்கிவிடும். 10 டிகிரிக்கும் கீழே எவ்வளவு தரும் என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள். எரிவாயு ஹீட்டருக்கு வேறு சிக்கல். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 4 சதவீதம் திறனைக் கழித்துக்கொள்வது நடைமுறை. 2,000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். உயரத்துக்கேற்ற பர்னர் முனை பொருத்தாமல் கடல்மட்டத்துக்கான ஹீட்டரை அப்படியே வைத்தால் புகை கக்கும், கார்பன் மோனாக்சைடும் வரும். பொருத்திய சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

எங்கள் கருத்தில் ஹீட்டரைவிட மூடிதான் முக்கியம். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.68 யூனிட் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. குளத்தில் 5 மில்லிமீட்டர் ஆவியானால் 160 லிட்டர், 109 யூனிட். அதாவது குளம் முழுதும் 2 டிகிரி குளிர்ந்துவிடும். மலைக்காற்று வறண்டது, இரவில் வேகமாக வீசும். மூடியில்லாத சுடுநீர்க் குளம் காசை எரித்து வானத்தைச் சூடாக்குவதுதான்.

கேள்வி: ஊற்றுத் தண்ணீர், அத்தனை சுத்தம் என்கிறார்கள். பிறகு ஏன் குளத்தின் பூச்சு சொரசொரப்பாக இருக்கிறது?

பதில்: சுத்தமாக இருப்பதால்தான். மலை ஊற்று நீரில் பெரும்பாலும் கால்சியமும் காரத்தன்மையும் குறைவு. பசித்த நீர் அது. தனக்கு வேண்டிய சுண்ணாம்பைக் குளத்தின் சிமென்ட் பூச்சிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்ளும். ஹீட்டரின் செம்பையும் அரிக்கும். படிகளில் நீலப்பச்சைக் கறை தெரிந்தால் அது செம்பு. குளிர்ந்த நீரில் இந்த அரிக்கும் குணம் இன்னும் கூடும்.

கால்சியக் கடினத்தன்மை 200 முதல் 400 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), காரத்தன்மை 80 முதல் 120, பி.எச். 7.4ஐ ஒட்டி இருக்க வேண்டும். 45,000 லிட்டரில் கடினத்தன்மையை 150 பி.பி.எம். உயர்த்த, செதில் வடிவக் கால்சியம் குளோரைடு சுமார் 10 கிலோ வேண்டும். காரத்தன்மையை 40 உயர்த்த சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா, 3 கிலோ. கால்சியம் குளோரைடு கரையும்போது கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். வாளியில் முதலில் நீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கால்சியம் குளோரைடு, மாற்றிச் செய்யாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் கொட்டினால் குளம் பால்போல வெளுத்துவிடும். சோடா இன்று, கால்சியம் நாளை.

மிதக்கும் குளோரின் வில்லைகளில் பெரும்பாலானவை கடும் அமிலத்தன்மை கொண்டவை. மென்நீரில் அவற்றை மட்டும் நம்பினால் காரத்தன்மை தீர்ந்து, பி.எச். சரிந்து, ஹீட்டர் முதலில் பலியாகும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவியும் நீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் சுணங்கும், பல கருவிகள் தாமாகவே நின்றுவிடும். மறுபக்கம், ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் அளவில் கூடுவதால், வெயில் நாளில் குளோரின் சீக்கிரம் அழியும். சயனூரிக் அமிலம் 30 முதல் 50 பி.பி.எம். இருந்தால் தாங்கும்.

ஆழ்துளைக் கிணறு என்றால் ஒரு வெள்ளை வாளியில் நீர் பிடித்து, கொஞ்சம் குளோரின் விட்டு அரைநாள் வையுங்கள். டீ நிறத்துக்கு மாறினால் இரும்பு இருக்கிறது. குளம் முழுக்க அதே நிறம் வரும்.

கேள்வி: குளத்தைச் சுற்றி ஊசியிலை மரங்கள். வெட்ட அனுமதி இல்லை. தொந்தரவா?

பதில்: ஆமாம். ஊசிகள் ஸ்கிம்மர் கூடையின் துளைகளில் நுழைந்து பம்புவரை போகும். கூடைக்குள் நுண்வலைப் பை போடுங்கள், தினமும் அள்ளுங்கள். தரையில் படிந்து ஊறினால் பழுப்புக் கறை பிடிக்கும்.

கேள்வி: குடியிருப்போர் சங்கத்திடம் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: தண்ணீரில் தொடங்குங்கள். குளம் நிரப்பப் பொது இணைப்பைப் பயன்படுத்தலாமா, கோடையில் தடை உண்டா? இல்லையென்றால் 10,000 லிட்டர் டேங்கர் ஐந்து நடை வர வேண்டும். தண்ணீர் மட்டுமே 10 டன். வழியிலிருக்கும் பாலமும் கொண்டையூசி வளைவும் அந்த வண்டியைத் தாங்குமா, விடுமா? நாளைக்குக் குளம் பழுதாகி கான்கிரீட் லாரி வர வேண்டுமானாலும் இதே கேள்விதான்.

அடுத்தது கழிவுநீர். மணல் ஃபில்டரை ஒருமுறை பின்னோக்கிக் கழுவினால் 300 முதல் 500 லிட்டர் வெளியேறும். பலர் அதைச் சரிவின் ஓரத்தில் விட்டுவிடுகிறார்கள். தன் வீட்டின் காலைத் தானே கரைத்துக்கொள்ளும் வேலை அது. குளோரின் கலந்த நீர் ஓடையில் போனால் மீன் சாகும், அபராதமும் வரும். குழாய் எங்கே முடிகிறது என்று கையில் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். குளத்துக்கு மேல்பக்கச் சரிவில், மழைநீரைத் தடுத்துப் பக்கவாட்டில் திருப்பும் வாய்க்கால் இருக்க வேண்டும். அது பக்கத்து மனையில் ஓடுகிறதென்றால், தூர் வாரும் பொறுப்பு யாருடையது என்று பத்திரத்தில் இருக்கிறதா?

தடுப்புச்சுவர் உங்களுடையதா, சங்கத்துடையதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இதில்தான் பின்னாளில் பெரிய சண்டை வரும். குளத்துக்கும் சுவருக்கும் தனித்தனியாக அனுமதி எடுத்தார்களா, கட்டியபடி வரைந்த படம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வீட்டுக் காப்பீட்டில் மண் நகர்வதால் வரும் சேதத்தைப் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். பாலிசியின் விலக்குப் பகுதியை வாங்கும்முன் படித்துவிடுங்கள், தேவையெனில் தனிக் காப்பீடு.

குழந்தைகள் இருந்தால் வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம், தானே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவு. சரிவில் ஒரு தந்திரம் இருக்கிறது: கீழிருந்து அளந்தால் 1.2 மீட்டர் இருக்கும் வேலி, மேல்பக்க மேட்டில் நின்றால் முழங்கால் உயரம்தான். மேல்பக்கத்திலிருந்து அளக்கவும். பம்ப், விளக்கு இணைப்புகளில் 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்ச் இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், அணைய வேண்டும்.

கேள்வி: விளிம்பே தெரியாமல் பள்ளத்தாக்கோடு கலக்கும் குளம். ஆசையாக இருக்கிறது.

பதில்: அழகுக்குக் குறைவில்லை. ஆனால் நீர் வழியும் அந்தச் சுவர் இரண்டு பக்கமும் நனைந்திருப்பது, பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்பது, பழுது பார்க்கச் சாரம் கட்ட இடமில்லாதது. நனைந்து காய்ந்து, உறைந்து உருகும் சுழற்சி முழுவதும் அதன் தலையில்தான். கீழே வழியும் நீரைப் பிடிக்கும் தொட்டியின் கொள்ளளவைக் கேளுங்கள். விளிம்பில் 6 மில்லிமீட்டர் வழிய வேண்டுமென்றால், பம்ப் நின்றதும் சுமார் 190 லிட்டர் கீழே வரும். ஆறு பேர் இறங்கினால் இன்னும் 400 லிட்டருக்கு மேல். காற்றடித்தால் தள்ளும் நீர் தனி. தொட்டி சிறிதென்றால் மிச்சம் சரிவில் கொட்டும். விற்பவர் முன்னாலேயே பம்பை நிறுத்தச் சொல்லித் தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வீடு பிடித்திருக்கிறது, குளம் வேண்டாம். வாங்கியபின் மண் போட்டு மூடிவிடலாமா?

பதில்: மூடலாம், ஆனால் அப்படியே மண் கொட்டக்கூடாது. அடியில் ஓட்டையில்லாத தொட்டிக்குள் மண் போட்டால் மழைநீர் தேங்கிச் சேற்றுக் கிண்ணமாகும், அந்த எடை முழுதும் தடுப்புச்சுவர் மேல் ஏறும். நீரை மெல்ல இறக்கி, தரையில் பல இடங்களில் பெரிய துளைகள் உடைத்து, சுவரின் மேற்பகுதியை ஒரு மீட்டர் அளவுக்கு இடித்து, அடியில் ஜல்லி, மேலே அடுக்கடுக்காக இறுக்கிய மண் என்று போக வேண்டும். துளைகள் வழியே இறங்கும் நீர் கொட்டிய மண்ணுக்குள் போகுமென்றால் துளை போடுவதும் ஆபத்து. அப்போது அடியிலிருந்து குழாய் வைத்து வடிகாலுக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த வழி என்பதை இன்ஜினியர் படம் வரைந்து தரட்டும். மூடிய இடத்தின் மேல் அறை எதுவும் கட்டாதீர்கள். பின்னாளில் விற்கும்போது அங்கே குளம் இருந்ததை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.